நர்மதா போகாத மூணாறு

மோகனசுந்தரம் மகளைக் கைநீட்டி அடித்ததில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் தப்பாகிவிட்டால், அவள் வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார், அவ்வளவுதான். எத்தனை நாளைக்கு என்று சொல்லமாட்டார். நர்மதாவும் கேட்கமாட்டாள்; கேட்டால் இன்னும் நாளாகும். பாதியில் நின்ற கதையைத் தானே யோசித்து முடித்துக்கொண்டு படுக்கப் போவாள். புத்தகம் திரும்பக் கைக்கு வரும்போது, அதிலிருக்கும் முடிவு அவள் யோசித்ததைவிடக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

பள்ளிக்கூடத்தை அவள் நாலாம் வகுப்போடு விட்டுவிட்டாள். விட்டது அவளில்லை, அவர். மாம்பூங்கொத்தில் ஆண் பூவும் இருக்கும், இரண்டும் சேர்ந்த பூவும் இருக்கும் என்று அறிவியல் பரீட்சையில் எழுதியிருந்தாள். கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவரின் மகள். பூவைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதியது. டீச்சர் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டுவிட்டார். மோகனசுந்தரம் தாவரவியலில் எம்.எஸ்ஸி. ஒரு பூங்கொத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேச்சு நடந்ததென்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. வெளியே வரும்போது ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் மகள். இனிமேல் இவளுக்கு நானே பள்ளிக்கூடம் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார்.

ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் வாயை அடைக்க அவருக்கு மகள் வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் காப்பி வருவதற்கு முன்னால் நர்மதா வருவாள். “எது வேணும்னாலும் கேளுங்க” என்பார். வந்தவர்கள் சங்கடத்தோடு ஏதாவது கேட்பார்கள். அவள் சொல்வாள். “ஏனுங்க, எப்படி?” என்று மோகனசுந்தரம் அவர்கள் முகத்தைப் பார்ப்பார், மகள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயசு. பொள்ளாச்சிக்குக் கிழக்கே அவள் போனது காதுகுத்துக்குப் பழனிக்கு ஒரு தடவைதான். வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் தென்மலை சுவர் மாதிரி தெரியும். மழைக்காலத்தில் அதில் வெள்ளைக் கோடுகளாக அருவிகள் இறங்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்பதைத்தான் அவள் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்தாள்.

அதனால் மாமா ராஜசேகர், ஓணம் லீவுக்கு எல்லோரும் சேர்ந்து மூணாறு போகலாம் என்று சொன்னபோது அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ராஜசேகர், நர்மதாவின் அம்மா கலாமணிக்கு அண்ணன். பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேனை அவரே பேசிவிட்டார். உடுமலை, சின்னாறு வழியாக ஏறி மூணாறு, அங்கிருந்து இடுக்கி அணை, கடைசியில் கம்பம்மெட்டில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு கம்பத்துப் பக்கம் இறங்கி வீடு வந்து சேர்வது. அந்த வழியை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். நர்மதா இரண்டு மாதம் அதற்குள்ளேயே குடியிருந்தாள்.

கொல்லங்கோட்டு வாயனசாலை நூலகத்திலிருந்து அப்பா எடுத்து வந்தவை, பழைய வனத்துறைப் பிரசுரங்கள், மலையாளப் பத்திரிகைகளில் வந்த பயணக் கட்டுரைகள், மடிப்பில் கிழிந்த ஒரு பெரிய வரைபடம், எல்லாவற்றையும் படித்தாள். மலையாளம் அவளாகக் கற்றுக்கொண்டது. உடுமலை தாண்டியதும் மழை பெய்யாத முள்ளுக்காடு. அங்கே முதுகில் நட்சத்திரம் வரைந்த ஆமை. பாம்பாறு மற்ற ஆறுகளைப்போல மேற்கே போகாமல் கிழக்கே ஓடும். அட்டப்பாடிப் பக்கம் பவானியும் அப்படித்தான். பிறகு மறையூர், கம்பிவேலிக்குள் சந்தன மரங்கள், உருண்டை பிடித்த வெல்லம், பாறைமேல் நாலு கல்லை நிறுத்திப் பலகைக் கல்லால் மூடிய ஆதிகாலத்து முனியறைகள். அதற்கும் மேலே தேயிலை. இன்னும் மேலே போனால் வரையாடு, மனுஷரைப் பார்த்தும் ஓடாத ஆடு.

கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. வரக்கூடாதென்று, தோப்புக்குள் உரம் ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து பழகினாள். குளிருக்காக அம்மாவிடம் கெஞ்சிப் பொள்ளாச்சியில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டாள். ஆடி மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பாள். வியர்த்து ஊற்றும். கழற்ற மனசு வராது.

ஆடி முடியும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா குடும்பத்தோடு வந்தார். அத்தையும், நர்மதாவைவிட ஒரு வயசு இளையவளான அவர் மகள் மிருதுளாவும். சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மோகனசுந்தரம் கூப்பிட்டார்.

“அம்மிணி, உடுமலை தாண்டுனா என்னென்ன வருதுன்னு மாமனுக்குச் சொல்லு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அணைவரைக்கும் சொன்னாள். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே வில் மாதிரி வளைத்துக் கட்டியிருப்பதால் தண்ணீரின் பாரத்தை இரண்டு மலைகளும் தோளில் வாங்கிக்கொள்ளும் என்று சொல்லும்போது தன் இரண்டு கைகளையும் அகலமாக வளைத்துக் காட்டினாள். அத்தை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா தலையை ஆட்டினார். “நல்லா ஒப்பிக்கறா மாப்ளே. ஆனா எங்க பள்ளிக்கூடத்துல இதை அறிவுன்னு சொல்லமாட்டோம். போயிப் பார்த்துட்டு வந்து அவளா ஒரு வார்த்தை சொன்னா அது வேற.”

“பார்க்கறதுக்கு என்னங்க மச்சான், கண்ணு இருந்தாப் போதும். சந்தைக்குப் போற மாடுங்கூட வழியெல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் போவுது.”

“அப்ப உங்க பொண்ணு போகவே வேண்டிதில்லைங்கறீங்க.”

“வேண்டிதில்லைன்னுதான் சொல்றேன்.”

மாமா சிரித்தார். “வாயில சொல்லலாமுங்க மாப்ளே.”

சிரிப்பு இல்லாமல் அதைச் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். மோகனசுந்தரம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார்.

“சரிங்க. நர்மதா வரல. உங்க மிருதுளா வரட்டும், எல்லாத்தையும் நல்லாப் பார்க்கட்டும். திரும்பி வந்ததும் வர்ற ஞாயித்துக்கெழம இதே ஊட்டுல வெச்சு ரெண்டு பேரும் சொல்லட்டும். அப்புசாமி பெரியப்பாவைக் கேக்கச் சொல்லுவோம். மறையூர்ல ரேஞ்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. யாரு சொல்றதுல உசுரு இருக்குதுன்னு அவருக்குத் தெரியாதா?”

அத்தைதான் முதலில் வாய் திறந்தாள். “என்னங்க அண்ணா இது வெளையாட்டு, புள்ளைய விட்டுட்டுப் போறதுங்கறது?” மறுநாள் மாமாவே போன் பண்ணி, நான் சும்மா சொன்னதுங்க மாப்ளே என்றார். நான் சும்மா சொல்லல என்று மோகனசுந்தரம் போனை வைத்துவிட்டார்.

நர்மதா அன்று சாயங்காலம் தோப்புக்குப் போனாள். அவர் ஒட்டுக்கன்றுகளுக்குப் பிளாஸ்டிக் நாடா சுற்றிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நானும் வர்றனுங்க.”

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தார். “நீ வந்தா எல்லாரையும் மாதிரி ஆயிருவ அம்மிணி. வராம இருந்தாத்தான் நீ யாருன்னு தெரியும்.”

அந்த நிமிஷம் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது.

கலாமணி ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தாள். அடுத்த நாள் எழுந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். நர்மதா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் போறியாம்மா?”

“கல்யாணமாகி இத்தன வருசத்துல அவரு என்னைய எங்க கூட்டிட்டுப் போயிருக்காரு, நீயே சொல்லு கண்ணு. நான் போகாம ஊட்டுல இருந்தா அவரு மனசு மாறிருவாரா? நீ இனியும் எத்தனையோ எடம் போவ. எனக்கு இது ஒண்ணுதான்.” சொல்லிவிட்டு மகள் முகத்தைப் பார்க்காமல் புடவைக்கு ஜாக்கெட் தேடினாள்.

கிளம்பும் நாள் காலையில் வேன் வாசலில் வந்து நின்றது. மிருதுளா மெல்லிய கவுனில் இறங்கினாள். ஸ்வெட்டர் எடுத்து வரவில்லையா என்று கலாமணி கேட்டாள். இல்லை என்றதும் உள்ளே போய் அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து வந்து அவளுக்குப் போட்டுவிட்டாள். “சும்மாதான கெடக்குது” என்று நர்மதாவைப் பார்த்துச் சொன்னாள். மிருதுளாவுக்கு அது அளவாகவே இருந்தது. ஜன்னலோரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி கையை லேசாக அசைத்தாள்.

துணைக்குத் தோப்பில் வேலை செய்யும் வள்ளியாத்தாள் வந்து தங்கினாள். வந்தவள் டி.வி.யைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சோறு போடும்போது மட்டும், “அங்கெல்லாம் நல்லாக் குளுருமாமா?” என்று கேட்டாள். நர்மதா வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, இந்நேரம் செக்போஸ்ட், இந்நேரம் மறையூர் என்று விரலை நகர்த்திக்கொண்டிருந்தாள். நாக்கில் வெல்லத்தின் ருசியை வரவழைக்கப் பார்த்தாள். வந்தது அடுக்களை டப்பாவிலிருக்கும் வெல்லத்தின் ருசிதான்.

மத்தியானம் வள்ளியாத்தாளின் போனுக்கு அம்மா கூப்பிட்டாள். “சாப்பிட்டியா கண்ணு” என்பதற்குள் அப்பாவின் குரல் வந்தது.

“அம்மிணி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன், மாமா கேக்கறாரு. தூரத்துல மரத்துக்கு மேல ஒரு அருவி தெரியுது. சொல்லு பாக்கலாம்.”

பின்னால் காற்று இரைந்தது. யாரோ கதவைச் சாத்தினார்கள். அந்தக் காற்றைத்தான் நர்மதா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சொல்லு அம்மிணி.”

“தூவானமுங்க.”

“கேட்டுக்கங்க மச்சான். பார்த்துட்டு நிக்கற உங்களுக்குத் தெரியுமா அது பேரு?” அவர் சிரித்த சிரிப்போடு போன் நின்றுவிட்டது. வள்ளியாத்தாள் போனை வாங்கிப் புடவையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி டி.வி. முன்னால் போனாள்.

சனிக்கிழமை அவர்கள் திரும்பி வந்தார்கள். மாமா குடும்பம் அன்றிரவு அங்கேயே தங்கியது. எல்லோர் முகமும் அலைச்சலில் கறுத்திருந்தது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்கக்கூடாது, நாளைக்குத்தான் பேச்சு என்று மோகனசுந்தரம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அம்மா ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்தபோது வீடெல்லாம் அந்த வாசம் நிறைந்தது. நர்மதா மூச்சைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாழையிலை அறுத்து வரச் சொல்லி இரண்டு பெண்களையும் அனுப்பினார்கள். வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். மிருதுளா வாழைக்கூட்டத்துக்குள் நுழைந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“நான் ஒண்ணுமே பார்க்கல நர்மதா. மலை ஏற ஆரம்பிச்சதுமே வாந்தி. கவர்ல வாயை வெச்சுக்கிட்டே போனேன். மூணாறுல ஒரே மேகம், ஆடும் தெரியல ஒண்ணும் தெரியல. டேமுக்குப் போனப்ப காய்ச்சல், வேன்லயே படுத்துக்கிட்டேன். நாளெல்லாம் அப்பா, எதையாச்சும் பாருடி, எதையாச்சும் பாருடின்னு கத்திட்டே இருந்தாரு. இன்னிக்கு நான் என்ன சொல்றது?”

நர்மதா இலையை அறுத்து அவள் கையில் கொடுத்தாள். உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. இவளும் போகவில்லை, தன்னைப்போலத்தான் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு பார்த்தேன்” என்றாள் மிருதுளா. “யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு.”

“சொல்லமாட்டேன்.”

சின்னாறு தாண்டியதும் ஒரு வளைவில் யானை நின்றதாம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டாராம். அது மெல்ல நடந்து வந்து மிருதுளா உட்கார்ந்திருந்த ஜன்னல் பக்கம் நின்றதாம். “கண்ணு இத்தனூண்டுதான் நர்மதா. ஆனா இமைமுடி ஊசி மாதிரி நீளம். கண்ணோரத்துல ஈரம், அழுதாப்பல. அது மேல மண்ணு ஒட்டியிருந்துச்சு. மாட்டுக்கு வெக்கற கழுநீர் புளிச்சா வருமே, அந்த வாசம். என்னையே பார்த்துச்சு. நான் பயத்துல… சீட்டுலயே போயிட்டேன். அது போனதுக்கப்பறம் அப்பா பார்த்துட்டு எல்லார் முன்னாடியும் அறைஞ்சுட்டாரு. இதை யாரும் வெளிய பேசக்கூடாதுன்னு உங்கப்பாகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு.”

நர்மதாவுக்கு உள்ளே குளிர்ந்தது காய்ந்துபோயிற்று. யானையைப் பற்றி அவள் எவ்வளவோ படித்திருந்தாள். எடை, உயரம், நாளைக்கு எவ்வளவு தின்னும், காதுகளால் எப்படிச் சூடு தணிக்கும், எல்லாம். இமைமுடியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. கழுநீர் வாசம் என்று யாரும் எழுதவில்லை.

“இலை போதும், வா” என்று முன்னால் நடந்தாள்.

சாப்பாட்டுக்கு அப்புசாமி வந்தார். நரைத்த மீசை, கனத்த குரல், யாரையும் கோபித்துக்கொள்ளாத மனுஷர். பக்கத்துத் தோப்புக்காரர்கள் இரண்டு பேரும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு முடிந்து எல்லோரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்ததும் மோகனசுந்தரம் விஷயத்தைச் சொன்னார். அப்புசாமிக்கு அது வேடிக்கையாக இருந்தது. “அதுக்கென்ன, கேட்டாப் போச்சு” என்றார்.

முதலில் மிருதுளாவை நிறுத்தினார்கள். “மூணாறு நல்லா இருந்துச்சுங்க. பனியா இருந்துச்சு. டீ எஸ்டேட் பச்சையா இருந்துச்சு.” அதற்குமேல் வரவில்லை. ராஜசேகர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். தோப்புக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

பிறகு நர்மதா. முள்ளுக்காட்டில் ஆரம்பித்து அணைவரைக்கும் நடத்திக் கூட்டிப் போனாள். அப்புசாமி கண்ணை மூடித் தலையாட்டினார். முனியறைக் கல்லின் கீழ் மத்தியானத்திலும் குளிர்ச்சியாக இருக்கும் என்று அவள் சொன்னபோது கண்ணைத் திறந்து, “ஆமா, ஆமா, அங்க படுத்துத் தூங்கியிருக்கறேன்” என்றார். மோகனசுந்தரம் பாயில் சம்மணத்தை மாற்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அத்தோடு முடிந்திருக்கும். அப்புசாமிக்கு அந்தச் சின்னவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“ஏஞ்சாமி, வழியில மிருகம் கிருகம் ஏதாச்சும் பார்த்தியா?”

மிருதுளா நிமிர்ந்தாள். “யானைங்க தாத்தா.”

“எங்க?”

சொல்ல ஆரம்பித்தாள். இன்ஜின் அணைந்தது, சத்தமே இல்லாமல் அது நடந்து வந்தது, பக்கத்தில் வந்து நின்றது. மெதுவாகச் சொன்னதால் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. வெற்றிலை மென்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். இமைமுடியைச் சொன்னாள். கண்ணோரத்து ஈரத்தைச் சொன்னாள். அப்புசாமி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

“காட்டுலயே கெடந்தவன் நானு. அதோட இமைய யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல” என்று ராஜசேகரைப் பார்த்தார். ராஜசேகரின் முகம் மெல்லத் தெளிந்தது. மகளை முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

மோகனசுந்தரம் நர்மதாவைப் பார்த்தார். பதில் தப்பாகப் போகிறது என்று தெரியும்போது பார்க்கும் பார்வை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

“அப்பறம் என்ன ஆச்சுன்னும் சொல்லு மிருது” என்றாள் நர்மதா. குரல் சாதாரணமாக, அன்பாகக்கூட இருந்தது. “சீட்டு எப்படி நனைஞ்சுச்சுன்னு தாத்தாவுக்குச் சொல்லு.”

தோப்புக்காரர் வீட்டுப் பெண் ஒருத்திக்குத்தான் முதலில் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மோகனசுந்தரம் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு எல்லோரும்.

மிருதுளா அப்படியே நின்றாள். நர்மதாவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். காது நுனி சிவந்தது. அழவில்லை.

“சத்தியம் பண்ணிக் குடுத்தீங்களே மாப்ளே” என்று ராஜசேகர் எழுந்தார்.

“ஆத்தா மேல ஆணையா நான் மூச்சு விடலைங்க மச்சான்.”

“நான்தான் சொன்னேன்” என்றாள் மிருதுளா. “இவகிட்ட நான்தான் சொன்னேன்.” ராஜசேகர் கையை ஓங்கினார். அத்தை நடுவில் விழுந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மோகனசுந்தரத்துக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. “அவ கெடக்கறா. நீ சொல்லு அம்மிணி, அந்த யானைய நீ சொல்லு.”

நர்மதா சொன்னாள். ஊசி இமைகளையும், ஒட்டியிருந்த மண்ணையும், புளித்த கழுநீர் வாசத்தையும் எடுத்துக்கொண்டாள். வளைவில் நின்ற மரத்தின் நிழல் அதன் முதுகில் எப்படி விழுந்தது என்று அவளாகச் சேர்த்தாள். காது ஒருதரம் அசைந்ததும் ஜன்னல் கம்பியில் காற்று பட்டதைச் சேர்த்தாள். மிருதுளா சொன்னதைவிட நன்றாக இருந்தது. அவள் சொல்லச் சொல்ல அந்த யானை மிருதுளாவுடையது இல்லாமல் போயிற்று.

“நேர்ல பார்த்தாப்பல இருக்குது” என்றார் அப்புசாமி. அவர் கொஞ்சம் குழம்பிப் போயிருந்தார். “இந்தப் புள்ளைய நீ எங்கயும் கூட்டிட்டுப் போகவே வேண்டிதில்ல போல மோகனா.”

“அதைத்தானுங்க பெரியப்பா நானும் சொல்றேன்” என்றார் மோகனசுந்தரம்.

மாமா குடும்பம் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டது. மிருதுளா சிவப்பு ஸ்வெட்டரை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். கலாமணி அண்ணனின் பின்னாலேயே கேட்வரைக்கும் ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அழுத முகத்தோடு திரும்பி வந்தவள், எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டிருந்த நர்மதாவின் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நர்மதா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“நீ அவரு பொண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலாமணி உள்ளே போனாள்.

தீபாவளிக்கு மாமா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நர்மதா அவள் போனிலிருந்து கூப்பிட்டாள். அத்தை எடுத்தாள். “மிருதுகிட்டக் குடுங்க அத்தை.” “அவளுக்கு உன்கிட்டப் பேசப் பயமா இருக்குதாமா” என்று சொல்லிவிட்டு அத்தை வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

கார்த்திகையில் மோகனசுந்தரம் கொல்லங்கோட்டிலிருந்து ஒரு பை நிறையப் புத்தகம் எடுத்து வந்தார். கிறிஸ்துமஸ் லீவுக்குக் கன்னியாகுமரி. அப்புசாமி பெரியப்பாவின் குடும்பமும் சேர்ந்து வருகிறது என்றார். மூன்று கடல் கூடும் இடம், அங்கே வெளுப்பும் கறுப்புமாக மணல் பல நிறத்தில் கிடக்கும், பாறைக்குப் படகில் போகலாம். நர்மதா எல்லாவற்றையும் படித்தாள். படிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. ஆனால் இந்தத் தடவை என்ன செய்யவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் அப்புசாமி வந்திருந்தபோது அப்பா கூப்பிட்டார். கேள்விகள் வந்தன. சூரியன் எங்கே உதிக்கும் என்றதற்கு அவள் மேற்கே என்றாள். மணல் என்ன நிறம் என்றதற்குத் தெரியாது என்றாள். பாறைக்கு எப்படிப் போவது என்றதற்கு நடந்து போகலாம் என்றாள். அப்புசாமி சிரித்தார்.

“பார்த்தாத்தானுங்க தெரியும் அப்பா” என்றாள்.

மோகனசுந்தரம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

“ஒண்ணும் தெரியாதவளைக் கூட்டிட்டுப் போயி என்ன பிரயோசனம்?”

“சரியாச் சொன்னாக் கூட்டிட்டுப் போவீங்களா?”

“சரியாச் சொல்றவளுக்கு அது எதுக்கு?” சொன்னது அவருக்கே பிடித்துவிட்டது. “எப்படிங்க பெரியப்பா?” என்று அப்புசாமியின் முகத்தைப் பார்த்தார். அப்புசாமி மீசையைத் தடவிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அம்மா அடுக்களையில் யாரிடமோ போனில், கடற்கரையில் வெயில் ரொம்ப அடிக்குமா, குடை எடுத்துக்கொள்ளவேண்டி இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.